இரவு பத்து மணிக்குக் கடிகாரத்தை நிறுத்துங்கள்: மண்பாதைப் பந்தயம் நடத்தவிருக்கும் நம் சைக்கிள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கும், குழுவின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஊர் மாறி ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது கனடாவில், கால்கரியில் இருக்கிறேன். ஆனாலும் குழுவின் வாட்ஸ்அப்பைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. போன வாரம் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறைதான். தார்ச்சாலையை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டச் சாலைகள், காட்டோரத் தடங்கள், வண்டிப்பாதைகள் வழியாக 500 கிலோமீட்டர். சுமையெல்லாம் சைக்கிளிலேயே. பின்னால் கார் வராது. பஞ்சர் ஆனாலும் செயின் அறுந்தாலும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரைடு முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாம் எத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்த விஷயம் இது! அன்றைக்கே பணம் கட்டிப் பதிவு செய்தேன். ஜனவரிக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் விதிகளை நிதானமாகப் படித்தேன். மொத்த நேரம் 60 மணி. அதற்குக் கீழே இன்னொரு வரி: தூங்காமல் முடிப்பவர்களுக்குத் தனிப் பதக்கம்.

இந்த இரண்டு வரிக்காகத்தான் இந்த மடல். உங்களைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் பதிவு செய்திருப்பவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். மண்பாதையில் ஒரு ராத்திரிகூட ஓட்டியிராதவர்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நாமெல்லாம் பிஆர்எம் என்கிற, கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களை ஓட்டி வளர்ந்தவர்கள். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என்பது நம் ரத்தத்தில் ஊறிய கணக்கு. அதைவிட 100 கிலோமீட்டரைக் குறைத்து, 20 மணி நேரத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறோமே, தாராளம்தானே என்று தோன்றியிருக்கும். தார்ச்சாலையில் மணிக்கு 22 கிலோமீட்டர் போகிறவர் 600ஐ இருபத்தேழு இருபத்தெட்டு மணி நேரத்தில் ஓட்டிவிடுவார். மீதி பன்னிரண்டு மணி நேரத்தில் சாப்பிடலாம், ஒரு லாட்ஜில் நாலு மணி நேரம் கண்ணயரலாம். மண்பாதையில் அந்தக் கணக்கு செல்லாது. பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையோடு மலைத்தடத்தில் ஏறி, இறங்கி, ஏற முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போனால் மணிக்குப் பத்து கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது. அப்படியென்றால் ஓட்டம் மட்டுமே 50 மணி நேரம். மிச்சம் இருக்கும் பத்து மணி நேரத்தில் மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, டயர் ஓட்டையை அடைக்க ரப்பர் புழு போடுவது, வழி தவறித் திரும்பி வருவது எல்லாம் அடங்க வேண்டும். தூக்கத்துக்கு அதில் இடமே இல்லை. தூங்காதவருக்குப் பதக்கம் என்று நீங்கள் தனியாக எழுதியிருக்கவே வேண்டாம். கடைசியில் வருகிறவருக்கும் அந்த விதி தூக்கத்தை விட்டுவைக்கவில்லை.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். கால்கரியிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் பான்ஃப். அங்கிருந்துதான் ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டாம் வெள்ளிக்கிழமை டூர் டிவைட் என்கிற நெடுந்தூர சைக்கிள் பந்தயம் கிளம்புகிறது. ராக்கி மலைத்தொடரின் முதுகைப் பிடித்துக்கொண்டு தெற்கே மெக்சிகோ எல்லையில் இருக்கும் ஆன்டிலோப் வெல்ஸ் வரை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைச் சாலையும் மண்பாதையும். ஏறும் உயரத்தையெல்லாம் கூட்டினால் 60,000 மீட்டரைத் தொடும். கடல்மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு இருபத்திரண்டு தடவை ஏறியது போல. நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. ஒரே சட்டம்: உன்னை நீயே பார்த்துக்கொள். கடையில் வாங்கலாம், விடுதியில் அறை எடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கிடைப்பதுதான் உனக்கும் கிடைக்க வேண்டும். நண்பர் வந்து காத்திருந்து சாப்பாடு கொடுக்கக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அந்த வரிசையில் நின்றேன்.

கரடி பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். கிரிஸ்லி கரடிகள் வாழும் ஃப்ளாட்ஹெட் பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் பாதை போகிறது, உண்மை. ஹேண்டில்பாரில் கரடி ஸ்ப்ரே கட்டிக்கொண்டு, வளைவு தோறும் சத்தமாகப் பாடிக்கொண்டுதான் போனேன். ஆனால் என்னை அழ வைத்தது கரடி அல்ல, மண். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு மதியம் அரைமணி நேரம் மழை பெய்தது. கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டில் மழைக்குப் பிறகு சைக்கிளை இறக்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். டயரில் ஒட்டிய மண் ஃபோர்க்கில் அடைத்து, அதில் சரளை பதிந்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் சுரண்டி நாலடி தள்ளினால் மறுபடி அப்பிக்கொள்ளும். தூக்கித் தோளில் வைத்தால், மண்ணோடு சேர்த்து முப்பத்தைந்து கிலோ. எட்டுக் கிலோமீட்டரைக் கடக்க அன்று எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. மண்பாதையில் ஒரு மழை போதும், எல்லாத் திட்டமும் கலைந்துபோகும். காலக்கெடுவை நெருக்கிப் போட்டால், அந்த ஐந்து மணி நேரத்தை ஓட்டுகிறவர் எதிலிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்துதான். நானும் அதைத்தான் செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் வயோமிங்கில் அட்லாண்டிக் சிட்டியை அடைந்தேன். பெயர்தான் சிட்டி, நம்மூர்க் கணக்கில் ஒரு குக்கிராமம். அதைத் தாண்டினால் கிரேட் டிவைட் பேசின். அங்கே பெய்கிற மழை அட்லாண்டிக் கடலுக்கும் போகாது, பசிபிக் கடலுக்கும் போகாது. அந்தத் தாம்பாளத்துக்குள்ளேயே வற்றிவிடும். மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் செடி, எப்போதாவது காட்டுக்குதிரைகள், மற்றபடி காற்று. அடுத்த கடை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பகல் வெயிலில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஆறு லிட்டர் தண்ணீரைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினேன். அதுவரை பதினோரு இரவில் நான் தூங்கியது, கூட்டிப் பார்த்தால், முப்பத்தைந்து மணி நேரம் இருக்கும்.

இரவு ஒரு மணிவாக்கில் அந்தச் செடிகளெல்லாம் வெள்ளாடுகளாகத் தெரிய ஆரம்பித்தன. பயமே இல்லை, அதுதான் மோசம். பெரியப்பா கிடை போட்ட காடு மாதிரியே இருந்தது. ஆடு குறுக்கே வந்துவிடுமே என்று பெல் அடித்தேன். பெல் அடித்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவிருப்பது வாய்க்குள் மண்.

சைக்கிள் பத்தடி தள்ளிக் கிடந்தது. தோள்பக்கம் கையை வைத்துப் பார்த்தால், காறை எலும்பு தோலுக்கடியில் கூரை முகடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. ஜூன் மாதம்தான், ஆனாலும் அந்த உயரத்தில் ராத்திரிக் குளிர் எலும்பைத் துளைத்தது. அவசரப் பொத்தான் உள்ள கருவி சைக்கிள் ஹேண்டில்பாரில் இருந்தது. அந்தப் பத்தடியைத் தவழ எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. நான் போய்ச் சேரும்போது கிழக்கே வெளுத்திருந்தது. பொத்தானை அமுக்குவதற்குள், வேலி பார்க்க வந்த ஒரு பண்ணைக்காரரின் பிக்கப் வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

கால்கரியில் என் மனைவி இரவு இரண்டு மணிக்கு எழுந்து, நான் இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் டிராக்கரைப் பார்த்திருக்கிறார். என் புள்ளி ஒரே இடத்தில் நின்றிருந்தது. "அப்பாடா, இன்னைக்காவது மனுஷன் தூங்குறாரே" என்று நினைத்துக்கொண்டு, அவரும் நிம்மதியாகப் படுத்துவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்ன விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

என்னை யாரும் தூங்காதே என்று சொல்லவில்லை. டூர் டிவைடில் 30 நாள் எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்படியிருக்க நான் ஏன் மூன்று மணி நேரத்துக்கு மேல் படுக்கவில்லை? மருத்துவமனைக் கட்டிலில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 400 கிலோமீட்டர் முடித்துவிட்டுத் தூங்காமல் அப்படியே ஆபீஸ் போனேன் என்று ஒருவர் போட்டால், நம் குழுவில் எத்தனை கைதட்டல் விழும்! வழியில் பஸ் ஸ்டாப்பில் மூன்று மணி நேரம் படுத்து எழுந்து வந்தவரைப் பற்றி யாரும் பேச மாட்டோம். தூக்கம் என்றால் தோற்பது என்று எனக்குள் பதிந்தது அங்கேதான். யாரையும் குறை சொல்லவில்லை. அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பது போல வேலை செய்யும். 24 மணி நேரத்தில் அது 0.10 அளவுக்குப் போய்விடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். வண்டி ஓட்ட நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. குடித்துவிட்டு வருகிற ஒருவரை நம் ரைடில் சேர்ப்போமா? ஆனால் இரண்டாம் நாள் இரவில், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளமாக இருக்கும் தோட்டச் சாலையில், அதைவிட மோசமான நிலையில் இருப்பவரை "சூப்பர் தம்பி, விடாதே" என்று ஏற்றிவிடப் போகிறோம்.

அலாஸ்காவில் இடிடராட் என்று நாய்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் பந்தயம் நடக்கிறது. நோம் என்ற ஊர் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். அங்கே ஒவ்வொரு அணியும் 24 மணி நேரம் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். அது போக யூகான் ஆற்றோரம் எட்டு மணி நேரம், முடிவுக்கு முன்னால் வைட் மவுண்டனில் எட்டு மணி நேரம். எவ்வளவு முன்னிலையில் இருந்தாலும் விலக்கு கிடையாது. சோதனைச்சாவடிகளில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைப் பார்க்கிறார்கள். ஏனென்றால் நல்ல நாய் தானாக நிற்காது. இழுக்கச் சொன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நம் குழுவில் இருப்பவர்களும் அப்படித்தான். நிற்கச் சொல்ல ஒரு விதி வேண்டும்.

"டூர் டிவைடிலேயே தூக்கத்துக்கு விதி இல்லையே" என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே காலக்கெடுவை வைத்து யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை. கட்டணமும் வாங்குவதில்லை. எவ்வளவு ஓட்டுவது, எங்கே படுப்பது என்பதை ஓட்டுகிறவரே முடிவு செய்கிறார். என் விழுப்புண்ணுக்கு நானேதான் பொறுப்பு. நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு, 60 மணி என்று எழுதி, தூங்காதவருக்குப் பதக்கமும் வைத்துவிட்டால், முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அங்கே சாதனை வைப்பவர்களைப் பார்த்துத்தான் நமக்கு ஆசை வருகிறது, தெரியும். 2016இல் மைக் ஹால் 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தார். 2024இல் யுஸ்தினாஸ் லெவெய்கா அதை 13 நாள் 2 மணி நேரமாகக் குறைத்தார். 2025இல் சுவிட்சர்லாந்துக்காரர் ராபின் கெம்பெர்லே 12 நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளுக்கு 370 கிலோமீட்டர் மண்பாதை! அன்று நம் வாட்ஸ்அப் பற்றி எரிந்தது. ஆனால் அவர்களெல்லாம் வருடக்கணக்காகத் தங்கள் உடம்பைப் படித்தவர்கள். எங்கே எத்தனை நிமிடம் கண்ணை மூடினால் அடுத்த மலையை ஏறலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள். அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுகிறோம். லேல் வில்காக்ஸ் 2015இல் பெண்களுக்கான சாதனையை முறியடித்தார் என்று நம் குழுவில் பல தடவை பேசியிருக்கிறோம். அலாஸ்காவிலிருந்து பான்ஃபுக்கே சைக்கிளில் வந்தவர் அவர். ஓட்டத்தின் நடுவே நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியபோது, ஹெலெனா நகரில் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்க் காட்டிக்கொண்டுதான் மேலே போனார். அதை ஒருவரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

என்னோடு ஓட்டியவர்களில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். சரியாக ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார். கூடாரத்தின் ஜிப் மூடும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான், காலை நாலரை வரை பேச்சுமூச்சு இருக்காது. ஒவ்வொரு ராத்திரியும் அவரைத் தாண்டிப் போவேன். மறுநாள் மதியம் நான் ஏதாவது பெட்ரோல் பங்க் நிழலில் சுருண்டு கிடக்கும்போது அவர் என்னைத் தாண்டிப் போவார். கையில் கட்டோடு வீட்டில் படுத்துக்கொண்டு அவர் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 25ஆம் நாள் அது மெக்சிகோ எல்லையைத் தொட்டது.

நம் பாதைக்கு வருகிறேன். பாதி தூரம் காட்டோரம். பந்திப்பூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடி வைத்திருக்கிறார்கள். திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. விலங்குகள் நடமாடும் நேரம் அது என்பதால்தானே? லாரியாவது இரைச்சலோடு வரும், யானை ஒதுங்கிக்கொள்ளும். சைக்கிள் சத்தமே இல்லாமல் பக்கத்தில் போய் நிற்கும். அரைத்தூக்கத்தில் ஓட்டுகிறவருக்கு யானையும் பாறையும் ஒன்றாகத்தான் தெரியும். எனக்குச் செடி ஆடாகத் தெரிந்தது. விழுந்தால் தேடி வரப்போவது யார்? தோட்டத் தொழிலாளர்கள், காட்டு இலாகாவின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், பக்கத்து ஊர் ஜனம். பகலெல்லாம் உழைத்துவிட்டுப் படுத்தவர்களை நம் பதக்கத்துக்காக எழுப்புவது நியாயமில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். இரவு பத்து மணிக்குக் கடிகாரத்தை நிறுத்துங்கள். காலை நாலு மணிக்குத் திரும்பவும் ஓட விடுங்கள். அந்த ஆறு மணி நேரம் யார் புள்ளியும் நகரக் கூடாது. எல்லோரிடமும் டிராக்கர் இருக்கப்போவதால் இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. பத்து மணிக்கு ஒருவர் நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் அடுத்த ஊர் வரை மெதுவாக வந்து சேரட்டும். வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அவருக்கு ஆறு மணி நேரம் எண்ணுங்கள். மொத்தக் காலத்தை ஐந்து நாளாக்குங்கள். அதில் ஒரு மழை பெய்தாலும் தாங்கும். வேகமானவர் அப்போதும் முதலில்தான் வருவார். பகலில் யார் நன்றாக ஓட்டினார், யார் குறைவாக நின்றார், யார் வழியைச் சரியாகப் பிடித்தார் என்பதில் போட்டி இருக்கும். நிறையவே இருக்கும்.

தூங்காதவர் பதக்கத்தை எடுத்துவிடுங்கள். ஏற்கனவே அச்சுக்குப் போயிருந்தால் அந்தச் செலவை நான் தருகிறேன்.

இன்னொன்று. டிராக்கர் பார்க்க ஆள் போடும்போது, புள்ளி எங்கே ஓடுகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கத் தெரிந்தவராகப் போடுங்கள். எல்லோரும் படுக்கிற நேரம் ஒன்றாக இருந்தால், வேறு நேரத்தில், வேறு இடத்தில் நிற்கிற புள்ளி தனியாகத் தெரியும். என் மனைவிக்கு அன்று அது தெரிய வழியில்லாமல் போய்விட்டது. வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ராத்திரியில் நின்ற புள்ளிக்கு "எழுந்திரு, கிளம்பு" என்று குழுவில் போடாதீர்கள். அவர் போனைத் திறந்தால் அதைத்தான் முதலில் படிப்பார்.

பாதியில் விட்டு வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கும் கடைசி நாள் சாப்பாட்டில் இலை போடுங்கள். போதும்.

உங்கள் உழைப்பு எனக்குத் தெரியாததல்ல. அனுமதிக் கடிதங்களுக்காக எத்தனை அலுவலகம் ஏறி இறங்கியிருப்பீர்கள், பாதை பார்க்க எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அட்டைக்கடி வாங்கியிருப்பீர்கள் என்று தெரியும். நம் குழு நடத்தும் முதல் மண்பாதை ஓட்டம் இது. இதற்கு அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் நடக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

ஜனவரிக்கு வருகிறேன். விதி மாறினால் நானும் ஓட்டுகிறேன். தோள் இப்போது மூட்டை தாங்குகிறது. மாறாவிட்டால் என் பெயரை ஓட்டுபவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 320ஆவது கிலோமீட்டரில் இருக்கும் அந்தச் சோதனைச்சாவடியை எனக்குக் கொடுங்கள். இரண்டாம் நாள் இரவு எல்லோரும் அங்கேதான் வந்து சேர்வார்கள். இருபது போர்வையும் பாயும் ஒரு பெரிய பாத்திரம் சுக்கு காபியும் என் பொறுப்பு.

அன்புடன்,
கால்கரியிலிருந்து உங்கள் பழைய ரைடு தோழன்